கோட்டை கட்டிய பயிற்சியாளர்

மூணாறு லயங்களிலும் கொழிஞ்சாம்பாறை டீக்கடைகளிலும் கால்பந்து ரசிகர்கள் செல்போனில் ஃபேன்டஸி அணி சேர்க்கும்போது முதலில் தேடுவது கோல் அடிப்பவரைத்தான். தடுப்பாட்டக்காரரைக் கடைசியில் பார்ப்பார்கள். அவருடைய மதிப்பை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் பயிற்சியாளர்தான். அமெரிக்கக் கால்பந்தில் தற்காப்புக்கென்றே தனிப் பயிற்சியாளர் உண்டு. நம் பக்கம் அது தலைமைப் பயிற்சியாளரின் வேலை.

நம்ம கேரளா பிளாஸ்டர்ஸையே பாருங்கள். 2020-21 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பருவத்தில் 20 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 36. அடுத்த பருவம் செர்பியாவின் இவான் வுகோமனோவிச் பயிற்சியாளராக வந்தார். அப்போதும் 20 ஆட்டங்கள்; வாங்கியது 24 கோல்கள்தான். முன்கள வீரர்களையே எதிரணியை நெருக்கச் சொன்னார். பந்து பின்னால் வருவதற்குள் பாதி வேகம் போயிருக்கும். தடுப்பின் நடுவில் லெஸ்கோவிச்சும் இளம் ஹோர்மிபாமும் நின்றார்கள். கோல்கீப்பர் அல்பினோ கோமஸ் காயம்பட, 20 வயது பிரப்சுகன் கில் உள்ளே வந்தார். அந்தப் பருவத்தின் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை விருது அவருக்கே!

ஆனால் அவசரம் கூடாது. அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே மோகன் பகானிடம் 4-2 என்று தோற்றார்கள். அன்றே பிளாஸ்டர்ஸ் தடுப்பாட்டக்காரரைத் தங்கள் ஃபேன்டஸி அணியிலிருந்து கழற்றிவிட்டவர்கள், அதற்குப் பிறகு தொடர்ந்து 10 ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் போனதை வெளியில் நின்றுதான் பார்த்தார்கள்.