களமிறங்கும் முன் காபி



கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவரும், களமிறங்கக் காத்திருக்கும் குத்துச்சண்டை வீரரும் காபியில் தேடுவது ஒன்றுதான்: களைப்பைத் தள்ளிப்போடுவது. அசதியை மூளைக்கு உணர்த்துவது அடினோசின் என்ற பொருள். அது போய் ஒட்டவேண்டிய இடத்தைக் காபியிலுள்ள கஃபீன் முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது. அசதி தீர்வதில்லை, தெரியாமல் இருக்கிறது, அவ்வளவே!

2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஜியு-ஜிட்சு என்ற தற்காப்புக் கலையின் முன்னணி வீரர்கள் 14 பேருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் கஃபீன் கொடுத்துப் பார்த்தார்கள். கைப்பிடி வலு கூடியது. குதிக்கும் உயரமும் கூடியது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இந்தக் கணக்கு 180 மில்லிகிராம். ஏறக்குறைய இரண்டு கப் காபி. பலன் தெரிய ஒரு மணி நேரம் வரை ஆகலாம். கிலோவுக்கு 9 மில்லிகிராம் என்று ஏற்றினால் கூடுதல் பலன் கிடைக்காது; படபடப்பும் தூக்கக் கேடும்தான் மிஞ்சும்.

ஒரு காலத்தில் அதிகக் கஃபீன் ஊக்கமருந்துக் குற்றம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய வீரர் அலெக்ஸ் வாட்சன் இதனால் தகுதியிழந்தார். 2004-இல் தடை நீங்கியது. கண்காணிப்பு மட்டும் தொடர்கிறது.

வீரர்களே, போட்டி நாளில் புதிதாக எதையும் சோதிக்காதீர்கள். பயிற்சியின்போதே, மருத்துவர் ஆலோசனையுடன் பாருங்கள். கடையில் விற்கும் ஊக்கப் பொடிகளில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருக்கலாம், எச்சரிக்கை!