ஆடலுக்குள் ஓர் அழுகுரல்

திருமண வீடுகளில் சிறுவர் முதல் பெரியோர் வரை சேர்ந்தாடும் பாடல்களுள் ஒன்று ‘என்ஜாய் எஞ்சாமி’. அறிவு எழுதி, தீயுடன் இணைந்து பாடிய இப்பாடல், சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில், அமித் கிருஷ்ணன் இயக்கத்தில் 2021 மார்ச் 7 அன்று இசைக் காணொளியாக வெளிவந்தது. துள்ளல் நிறைந்த இதனைக் களிப்பூட்டும் பாடல் என்றே பலர் கருதுகின்றனர். காட்சிகளைக் கூர்ந்து நோக்கினால், ஒரு தலைமுறையின் துயரம் அதனுள் புலப்படும்.

காட்சியின் நடுநாயகமாக அமர்ந்திருப்பவர் ஒரு மூதாட்டி. அவர் நடிகையல்லர், அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். வாழ்நாளெல்லாம் ஓரத்தில் நிறுத்தப்பட்டவரை நடுவில் அமர்த்தியதே இக்காணொளியின் தலையாய குறியீடு.

இது நமக்கும் அந்நியமான கதையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து, பஞ்சத்தாலும் கடனாலும் வாடிய ஏழைகள் கடற்கரைவரை நடந்து சென்று கடல் கடந்தனர். காப்பி, பின்னர் தேயிலை என அம்மலைகளைப் பசுமையாக்கியவர்கள் அவர்களே. எனினும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. அம்மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர், முன்னோரின் மண்ணிலேயே ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர்.

இப்பின்னணியை அறிந்தபின் காணொளியின் காடும் வயலும் வெறும் அழகுக் காட்சிகளாக நில்லா. மரம் நட்டுத் தோட்டத்தைச் செழிக்கச் செய்தவருக்கே தாகம் தீரவில்லை என்பது பாடலின் உட்பொருள். மண்ணும் நீரும் விலங்குகளுக்கும் பறவைகளுக்குங்கூட உரியவை எனப் பாடல் கூறும்போது, மனிதருக்கே மறுக்கப்பட்ட உரிமை நம் நினைவில் உறுத்துகின்றது.

இழவு வீட்டின் ஒப்பாரி இதில் ஆடற்பாட்டோடு கலந்திருப்பதும் கருதத்தக்கது. ‘சாமி’ என்னும் சொல்லையே பாருங்கள். கூலியாள் நிலவுடைமையாளர் முன் குனிந்து சொன்ன சொல் அது. பாட்டி பேரனை அணைத்துக் கொஞ்சும் சொல்லும் அதுவே. அடிமைத்தனமும் அன்பும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன!

அன்பர்களே, இப்பாடலுக்குப் பிள்ளைகள் ஆடட்டும், தடுக்க வேண்டாம். ஆடி முடித்ததும் அவர்களை அருகழைத்து இவ்வரலாற்றைக் கூறுவோம். நம் இல்லத்து மூதாட்டிக்கும் நடுக்கூடத்தில் ஒரு நாற்காலி இட்டு, அவர் நடந்து வந்த வழியைக் கேட்போம். கேளாமல் விட்டால், அவரோடு அக்கதையும் மறைந்துபோகும்.