புகை எங்கே போகிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இப்போது எழும்பும் கல்வீடுகள் பலவற்றுக்குக் குசினி இரண்டு. ஒன்று வீட்டுக்குள்ளே, மாபிள் தரையும் பான்ட்ரி கபேட்டும் எரிவாயு அடுப்புமாக, வருகிறவர் கண்ணில் படும்படி இருக்கும். மற்றது கோடிப்புறத்தில், மிஞ்சிய கல்லையும் பழைய தகரத்தையும் கொண்டு ஒப்பேற்றிய கொட்டில். முதலாவது வரைபடத்தில் உண்டு, கடன் மதிப்பீட்டிலும் உண்டு. இரண்டாவதைப் பெரும்பாலும் எந்தப் படத்திலும் காண முடியாது. ஆனால் பிட்டு அவிவதும் மீன் பொரிவதும் தூளுக்கு மிளகாய் வறுபடுவதும் அங்கேதான். பழக்கத்தை விட மாட்டாத முதியவர்களின் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. காற்றையும் நெருப்பையும் விளங்கிக்கொண்ட கட்டடம் அந்த வளவிலேயே அது ஒன்றுதான். அதை அரைகுறையாக விட்டிருப்பதே பிழை.

பழைய யாழ்ப்பாண வளவில் வீடு ஒரே கூரையின் கீழ் அடங்கியதில்லை. படுக்கவும் நெல்லும் பெட்டகமும் வைக்கவும் அறை வீடு, வந்தவர் இருக்க மால், சற்றுத் தள்ளிக் குசினி, அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிணறு. நாற்சார் வீடுகளிலும் சமையலுக்கு முற்றத்தின் திறந்த வானத்தை ஒட்டிய ஒரு மூலையே ஒதுங்கியது. இப்படிப் பிரித்து வைத்ததற்குப் புகையை விடத் தீயே பெரிய காரணமாக இருந்திருக்கும். பனையோலையால் வேய்ந்த கூரைக்கு ஒரு பொறி போதும், அதுவும் சோளகம் சுழற்றியடிக்கும் மாதங்களில். துடக்கும் சாதி ஆசாரமும் இந்த ஏற்பாட்டில் பங்கு கொண்டிருந்தன. அவற்றைத் திரும்பக் கேட்க ஒரு நியாயமும் இல்லை. காரணம் எதுவானாலும், அடுப்புப் புகை படுக்கும் இடத்துக்குள் வரவில்லை. ஓலைக் கூரை எங்கும் நுண்ணிய இடைவெளி; மண்சுவர் கூரையைத் தொடுமுன்பே நின்றுவிடும். அடுப்புக்கு மேலே பறணில் அடுக்கிய கங்குமட்டையும் ஊமலும் சிரட்டையும் அந்தச் சூட்டிலேயே காயும். இதிலும் விஞ்ஞானம் இருக்கிறது. ஈர விறகில் நெருப்பின் சூட்டில் ஒரு பங்கு நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும்; சுவாலை தணியும்; முழுதாக எரிந்து முடியாத வாயுக்கள் புகையாகக் கிளம்பும். காய்ந்த மட்டை அதே சோற்றை மிகக் குறைந்த புகையோடு வேகவைக்கும்.

ஓட்டுக் கூரை வந்தபோதும் இந்த ஏற்பாடு ஓரளவு தாக்குப்பிடித்தது. ஓடுகளின் இடுக்கால் காற்று ஏறிப் போகும். கொங்கிறீற் தட்டும் சீலிங்கும் வந்த பிறகு, விறகடுப்பை மாற்றாமல் குசினியை மட்டும் உள்ளே எடுத்த வீடுகளில்தான் சிக்கல் தொடங்கியது. அத்தகைய குசினியின் சுவரைக் கவனித்தால் ஒரு கரிக்கோடு தெரியும். கோட்டுக்கு மேலே சுவர் கறுப்பு, கீழே பழைய வெள்ளை. பெரும்பாலும் அந்தக் கோடு கதவு நிலையின் மேல்விளிம்பு மட்டத்தில் நிற்கும். சூடான புகை நேரே எழுந்து தட்டில் முட்டி, பக்கவாட்டில் பரவி, வெளியேற வழி கிடைக்கும் வரை படலமாகத் தடித்துக்கொண்டே கீழிறங்கும். 10 அடி உயரத்தில் தட்டு, 7 அடியில் நிலை என்றால், இடைப்பட்ட 3 அடியும் புகைத் தொட்டி. அது நிரம்பியதும் நிலைக்குக் கீழாக வழிந்து அடுத்த அறைக்குப் போகும். அந்தக் கதவு விறாந்தைக்கோ வளவுக்கோ திறந்தால் தப்பித்தோம். படுக்கை அறைப் பக்கம் திறந்தால் புகை அங்கேதான். இன்னொரு மாற்றத்தையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நிலத்தில் குந்திச் சமைத்தபோது தலை இந்தப் படலத்துக்கு வெகு கீழே இருந்தது. அடுப்பு மேடைக்கு ஏறியதும் சமைப்பவரின் மூக்கும் ஏறக்குறைய இரண்டு அடி மேலே போய்விட்டது. முதுகுக்கும் முழங்காலுக்கும் அது பெரிய விடுதலை. நுரையீரலுக்கு, புகைபோக்கி இல்லாத இடத்தில், அது நட்டம்.

அமெரிக்க விஞ்ஞானி கிர்க் ஸ்மித் 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமையற் புகையை அளக்கத் தொடங்கியவர். 2020இல் மறையும் வரை அந்தத் துறையை விட்டு விலகவில்லை. வீட்டுக்குள் வெளிவிடப்படும் ஒரு கிராம் மாசு, வெளியே வெளிவிடப்படும் அதே ஒரு கிராமைவிட மனித நுரையீரலை எட்டும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு என்று அவர் எடுத்துக்காட்டினார். உள்ளே காற்றும் குறைவு, ஆட்களும் அருகில். கோடிப்புறக் கொட்டில் முழு வெட்டவெளி ஆகிவிடாது, அந்த ஆயிரம் மடங்கையும் அது மிச்சப்படுத்தாது. ஆனாலும் மூச்சுவிடும் ஆட்களிடமிருந்து நெருப்பை விலக்கி வைப்பதன் பெறுமதியை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கணக்கு வேறில்லை. நமக்குக் கிட்டிய சான்று தமிழ்நாட்டில் இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் அங்குள்ள கிராம வீடுகளில் அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், விறகு எரியும் நேரத்தில் மூச்சோடு உள்ளே போகும் துகள்கள் ஒரு கனமீற்றர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தன. யார் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார் என்பதை நிர்ணயிக்கும் முக்கிய காரணிகளாக அவர்கள் கண்டவை மூன்று: எரிபொருள், குசினியின் வகையும் அது இருக்கும் இடமும், அடுப்பருகே கழியும் நேரம். குசினி எங்கே இருக்கிறது என்பது எரிபொருளோடு சேர்த்து எண்ணப்படும் சுகாதாரக் காரணி என்று இதற்குப் பொருள்.

எந்தப் பக்கம் விலக்குவது? குடாநாட்டில் காற்றுக்கு இரண்டு பெரிய பருவம். ஏறத்தாழ வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம். மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் வடகிழக்கிலிருந்து வாடை. இரண்டும் ஒரே கோட்டில் எதிரெதிராக வீசுகின்றன. குசினி அந்தக் கோட்டின் எந்த முனையில் இருந்தாலும் ஆண்டில் ஒரு பருவம் புகை வீட்டின் மேலேயே வரும். கோட்டுக்குக் குறுக்கே, தென்கிழக்கிலோ வடமேற்கிலோ இருந்தால் இரண்டு பருவத்திலும் புகை வீட்டைத் தொடாமல் பக்கமாகக் கழிந்துவிடும். அக்கினி மூலை என்று நம் மேசன்மார் தென்கிழக்கைக் காட்டுவது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. சாத்திரம் எழுதியவர்கள் யாழ்ப்பாணத்துக் காற்றை அளந்துதான் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. வேறு காற்று வீசும் ஊரில் அதே மூலை பிழையாகவும் அமையலாம். மதிலும் பக்கத்து மாடிவீடும் காற்றைத் திருப்பிவிடும் நகர ஒழுங்கைகளில், வெறும் திசையை நம்பாமல் அந்த வளவில் காற்று எப்படிச் சுழல்கிறது என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

வெளிக்குசினிக்கு எதிரான மிக வலுவான வாதத்தை இனிச் சந்திக்க வேண்டும். அது வீட்டைக் காப்பாற்றியது, சமைத்தவளைக் காப்பாற்றவில்லை. மேற்சொன்ன தமிழ்நாட்டு ஆய்விலேயே, விறகு எரிக்கும் வீடுகளில் சமையலில் ஈடுபடாதவர் 24 மணி நேரத்தில் சராசரியாகச் சுவாசித்தது ஒரு கனமீற்றர் காற்றில் 90 மைக்ரோகிராம் துகள், சமைத்தவர் சுவாசித்தது 231. இருட்டிலும் மாரி மழையிலும் முற்றத்தைக் கடந்து, ஊதுகுழலோடு தனியே ஒரு கொட்டிலுக்குள் இருந்தவர்கள் பெண்கள். மாலில் இருந்தவர்களுக்கு அந்த இருமல் கேட்டிருக்குமோ தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையால் நேர்ந்த இறப்புகள் 32 இலட்சம்; பெரும் சுமையைத் தாங்குபவர்கள் பெண்களும் சிறு பிள்ளைகளும். ஆகவே பழைய கொட்டிலை அப்படியே மீட்பது என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் இந்த வாதம் குற்றம் சாட்டுவது கொட்டிலின் தூரத்தையல்ல, புகைபோக்கி இல்லாத அடுப்பையும், ஒருவர் தலையிலேயே விழுந்த வேலையையும்தான். குசினியை உள்ளே எடுத்ததால் இந்த இரண்டில் ஒன்றும் மாறவில்லை.

எரிவாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாறினால் போகிறது என்பார்கள். மாற வேண்டும்தான், விறகைவிட அவை எவ்வளவோ சுத்தம். ஆனால் இந்த மண்ணில் எரிபொருள் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பொன் விலை. விறகடுப்புத்தான் சோறு போட்டது. 2022 சித்திரையில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 4,860 ரூபாவைத் தொட்டது. அந்த விலைக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. கோடிப்புறத்தில் அடுப்பு இருந்த வீடுகள் அன்று தப்பின. உள்ளே ஒரே குசினி கொண்ட வீடுகளில் அடுப்புக்கல் விறாந்தைக்கு வந்தது. அதோடு, எரிவாயு மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய இடங்களில் கர்ப்பிணிப் பெண்களுக்கு எரிவாயு வழங்கிச் செய்த பெரிய ஆய்வில் அவர்கள் சுவாசித்த நுண்துகள் வெகுவாகக் குறைந்தது. பிள்ளைகளின் பிறப்பு நிறையில் எதிர்பார்த்த ஏற்றம் கிடைக்கவில்லை. நம் சமையலில் எரிபொருளே காரணமாகாத புகையும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தூளுக்குச் செத்தல் மிளகாயை வறுக்கும்போது அதன் காரப் பொருள் நுண்துளியாகக் காற்றில் ஏறி, மூன்றாம் அறையில் இருப்பவரையும் தும்ம வைக்கும். கொதி எண்ணெயில் மீன் பொரியும் ஆவியும் அப்படித்தான். எந்த அடுப்பானாலும் இவற்றுக்கு வெளியேற வழி வேண்டும்.

உள்ளே வந்திருக்கும் அலுமாரிக் குசினியின் பிறப்பிடம் ஜேர்மனி. 1926இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி பிராங்க்போட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஏறக்குறைய 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்ட குசினியை வடிவமைத்தார். ஒரு பெண்ணின் நடையையும் கையசைவையும் எண்ணிக் குறைக்கப் பார்த்த, மனிதாபிமானமுள்ள வேலை அது. குழாய் வழியே வாயு வரும், ஒருவர் மட்டும் சமைப்பார், அரைக்கவும் இடிக்கவும் தேவை வராது என்பவை அதன் அடிப்படை. திருவலையில் குந்தித் தேங்காய் திருவி, மா வறுத்து, பிட்டு அவித்து, இருவர் மூவர் சேர்ந்து மீன் வெட்டும் வீட்டுக்கு அதே அளவு பொருந்தாததில் வியப்பில்லை. நாம் அலுமாரியை இறக்குமதி செய்தோம். அசைவை எண்ணிப் பார்க்கும் அந்த முறையையும் சேர்த்தே எடுத்திருக்கலாம்.

போருக்குப் பின் வடக்கு கிழக்கில் இந்திய உதவியோடு 46,000 வீடுகள், பெரும்பாலும் ஒன்றுக்கு 550,000 ரூபா மானியத்தில், திட்டமிடப்பட்டன. அத்தகைய திட்ட வீடுகளின் பின்னால் கிடுகுக் கொட்டில் முளைத்ததை மானியத்துக்குப் பொறுப்பானவர்கள் ஒரு கருத்துக் கணிப்பாகவே எடுத்திருக்க வேண்டும்: குடியிருப்பவர்களே தங்கள் செலவில் திட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். அந்தத் திருத்தத்தைப் பொறியியல் அறிவோடு செய்து கொடுக்கப் பெரிய செலவு பிடிக்காது. அடுப்புக்கு மேலே கவிந்த கூடும் அதிலிருந்து ஏறும் புகைபோக்கியும் முதல் தேவை. உயரத்தை இரட்டித்தால் புகை இழுபடும் வேகம் ஏறத்தாழ 1.4 மடங்காகும். அதன் வாய் கூரை முகட்டுக்கு மேலே நிற்க வேண்டும்; முகட்டுக்குக் கீழே நின்றால் கூரையில் மோதித் திரும்பும் காற்று புகையை உள்ளேயே தள்ளிவிடும். 1980களில் இலங்கையில் உருவான ‘அனகி’ என்னும் இரட்டை வாய் மண் அடுப்பு விறகை மிச்சம் பிடிக்கும். அதற்குப் புகைபோக்கி கிடையாது, ஆகவே கூடு அதற்கும் வேண்டும். குவாத்தமாலாவில் புகைபோக்கி அடுப்பு கொடுத்த வீடுகளில் பிள்ளைகள் சுவாசித்த புகை பாதியாகக் குறைந்தது, கடுமையான நிமோனியாவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பாதி போதாது என்பதால்தான் தூரமும் காற்றோட்டமும் கூடவே வேண்டும் என்கிறேன். சுவர்களின் மேல் ஒன்றரை அடிக்குப் பூக்கல் வைக்கலாம். வாடையோடு சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கம் தாழ்வாரம் அகலமாக இருக்கட்டும். விறகு காயப் பறண், நின்று சமைக்க மேடை, குந்தித் திருவத் தாழ்ந்த திண்ணை, கழுவு நீர் போக வாழைப்பாத்தி. வீட்டிலிருந்து அங்கே போக எட்டுப் பத்து அடி நீளத்தில் கூரை போட்ட நடையும் ஒரு மின்விளக்கும், முற்றத்தில் இருப்பவரோடு கதைக்கக்கூடிய அகலமான யன்னலும் இருந்தால், அங்கே வேலைக்குப் போகிறவர் ஒருவராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. இவ்வளவையும் பிரதேச சபைக்குக் கொடுக்கும் வரைபடத்திலேயே கீறிவிடலாம். படம் கீறுபவர் முதலில் புகைபோக்கியின் வாய் எங்கே வரும் என்று குறித்துவிட்டு, அதற்குப் பிறகு படுக்கை அறைகளின் சுவரை இழுக்கட்டும்.