அலமாரியில் பழைய மைக்ரோ கேசட் இருக்கிறதா? 'பிளே' அழுத்தும் முன் இதைப் படிச்சிடுங்க!

ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நிற்பவர்களில் பலர் கையில் பைனாகுலர், எல்லோர் பாக்கெட்டிலும் ஸ்மார்ட்போன். நத்தை குத்தி நாரை எத்தனை, கூழைக்கடா எத்தனை என்று எண்ணி, 'இபேர்ட்' ஆப்பில் தட்டினால் போதும். தேதி, நேரம், இடம் எல்லாம் தானாகவே பதிவாகிவிடும்.

முப்பது வருஷத்துக்கு முன்னாடி இதெல்லாம் கிடையாது. இரண்டு கையிலும் பைனாகுலர் இருக்கும்போது நோட்டை எடுத்து எழுத முடியாது. குனிந்து ஒரு வரி எழுதி நிமிர்வதற்குள் பறவைக் கூட்டம் கடந்து போய்விடும். அதனால் உலகம் முழுவதும் பறவை ஆர்வலர்கள் பலர் ஒரு குட்டி மெஷினைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். கண்ணை எடுக்காமலே பார்த்ததைப் பேசிப் பதிந்தார்கள். டாக்டர், வக்கீல், பத்திரிகையாளர் எனப் பலரும் பயன்படுத்திய அதே மெஷின்தான்: மைக்ரோ கேசட் ரெக்கார்டர்.

அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன பெட்டியில் அப்படி ஒன்று உங்கள் கையில் கிடைத்தால், உடனே கேசட்டைப் போட்டு 'பிளே' அழுத்தத்தான் தோணும். கொஞ்சம் பொறுங்க. அந்த ஒரு அவசரத்திலேயே, உள்ளே இருக்கும் குரல் நிரந்தரமாகப் போய்விடலாம்.

அது என்ன மைக்ரோ கேசட்?

பாட்டு கேட்க நாம் பயன்படுத்திய சாதாரண கேசட்டை பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்தியது. 1969-ல் ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம், கிட்டத்தட்ட தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி மைக்ரோ கேசட்டைக் கொண்டுவந்தது. உள்ளே ஓடும் டேப்பின் அகலம் ஏறக்குறைய அதேதான். ஓடும் வேகம்தான் வேறு. சாதாரண கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும். மைக்ரோ கேசட்டில் இரண்டு வேகம் உண்டு: நொடிக்கு 2.4 செ.மீ. அல்லது 1.2 செ.மீ.

'எம்சி-60' என்று எழுதிய கேசட்டில் 2.4 வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம் பதியலாம். 1.2 வேகத்தில் அதுவே ஒரு மணி நேரம். நேரம் இரட்டிப்பானால் ஒலியின் தரம் குறையும். எந்த வேகத்தில் பதிந்தார்களோ, அதே வேகத்தில்தான் கேட்க வேண்டும். மெஷினின் பக்கவாட்டில் இதற்கென ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்.

பறவைச் சத்தம் இதில் கேட்குமா?

ஓரளவுக்குத்தான். மெதுவாக ஓடும் டேப்பில் உச்ச ஒலிகள் சரியாகப் பதியாது. மனிதப் பேச்சு தெளிவாக இருக்கும், கிட்டத்தட்ட டெலிபோனில் கேட்பது மாதிரி. நத்தை குத்தி நாரை அலகைத் தட்டும் 'டக் டக்' சத்தம் பின்னணியில் கேட்கலாம். சின்னப் பறவைகளின் கீச்சொலி பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

ஆகவே இந்த கேசட்டின் மதிப்பு பறவையின் குரலில் இல்லை. பறவையைப் பார்த்த மனிதரின் குரலில் இருக்கிறது.

வேடந்தாங்கலுக்கு இது ஏன் முக்கியம்?

வேடந்தாங்கலின் கதையே ஊர்க்காரர்களின் வாய்வழி வந்த கதைதான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுடுவதை எதிர்த்து அவர்கள் முறையிட, 1790-களின் கடைசியில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பாதுகாப்பு உரிமை அளித்தார் என்பதிலிருந்து இந்தச் சரணாலயத்தின் வரலாறு தொடங்குகிறது. பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் என்றும் பெயர் எடுத்திருக்கிறது. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

இந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இன்று வரும் பறவைகள் முன்பைவிடக் கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா? பதில் சொல்ல முன்பு எத்தனை வந்தன என்று தெரிய வேண்டும். இபேர்ட் தளமே 2002-ல்தான் தொடங்கியது. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு 2015-லிருந்துதான் நடக்கிறது. அதற்கு முன்னால் தனி ஆட்கள் பார்த்து எண்ணியதில் பெரும்பகுதி, அவரவர் நோட்டுப் புத்தகத்திலும் நினைவிலும்தான். சிலருடையது இப்படிப்பட்ட டேப்பிலும் இருக்கலாம். ஏரிக்கரைப் பெரியவர் ஒருவரிடம் எடுத்த பேட்டியாக இருந்தால், அதற்கு வேறு பிரதியே இருக்காது.

முதல் வேலை: அழியாமல் பூட்டுவது

கேசட்டின் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. இரண்டையும் உடைத்து எடுத்துவிடுங்கள். அதன் பிறகு கை தவறி 'ரெக்கார்ட்' பட்டனை அழுத்தினாலும் பழைய பதிவின் மேல் புதிதாகப் பதியாது. இந்த மெஷின்களில் பட்டன்கள் ரொம்பச் சின்னது, நெருக்கமாகவும் இருக்கும். பழக்கமில்லாத விரல் தவறுவது சகஜம்.

இரண்டாவது: மெஷினைத் தயார் செய்வது

பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பழைய செல் உள்ளேயே கிடந்து கசிந்திருந்தால் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். கடற்கரைப் பக்கம் இருக்கும் வீடுகளில் உப்புக் காற்றினாலும் உலோக முனைகள் துருப்பிடிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சு முனைக் குச்சியால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு புது செல் போடுங்கள். பெரும்பாலான மாடல்களுக்குச் சுவர்க் கடிகாரத்தில் போடும் டபுள் ஏ செல் இரண்டு போதும்.

அடுத்து, டேப் உரசிச் செல்லும் 'ஹெட்', டேப்பை இழுக்கும் மெல்லிய உலோகத் தண்டு, அதை ஒட்டியிருக்கும் ரப்பர் உருளை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் மூன்றையும் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் ஒட்டினால் பயப்பட வேண்டாம். அது பழைய டேப்பிலிருந்து உதிர்ந்த துகள். பஞ்சு சுத்தமாக வரும்வரை துடைத்து, சில நிமிடம் உலர விடுங்கள்.

மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, ஆனால் கேசட் சுற்றவில்லையா? உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது உருகிப் பிசுபிசுத்திருக்கும். பழைய ஆடியோ சாதனம் ரிப்பேர் செய்பவரால் மாற்றித் தர முடியும்.

எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், முக்கியமான கேசட்டை முதலில் போடக் கூடாது. இழந்தால் கவலையில்லாத ஒரு கேசட்டைப் போட்டு, ஓட்டி, ரிவைண்ட் செய்து பாருங்கள். டேப்பைக் கடித்து மெல்லும் மெஷின் எது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது: கேசட்டைப் பார்ப்பது

டேப் விளிம்பில் வெள்ளைப் பொடியோ நூலாம்படை மாதிரியோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் மெஷினுக்கும், அதிலிருந்து அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனி உறையில் போட்டு வையுங்கள், டேப் மீட்பில் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். டேப் தொளதொளவென்று இருந்தால் மெல்லிய பென்சில் முனையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி இறுக்குங்கள். எல்லாம் நன்றாக இருந்தால், கேட்பதற்கு முன் ஒரு முறை கடைசிவரை ஓட்டி ரிவைண்ட் செய்யுங்கள். வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்த சுற்றுகள் தளரும்.

நான்காவது: கேட்கும்போதே காப்பி எடுப்பது

முதல் முறை கேட்பதே கடைசி முறையாகவும் இருக்கலாம். அதனால் கேட்கும்போதே பதிவும் ஓடட்டும்.

* மெஷினின் இயர்போன் துளையிலிருந்து ஒரு 3.5 மி.மீ. ஒயரை எடுத்து, யுஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாக லேப்டாப்பில் இணைக்கவும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கார்டே போதும்.
* 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளைத் திறந்து, மோனோ பதிவைத் தேர்ந்தெடுக்கவும்.
* மெஷினின் வால்யூம் பாதியில் இருக்கட்டும். உச்சக் குரலும் அளவுகோலின் மேல் எல்லையைத் தொடக் கூடாது. ஒலி உடைந்து பதிந்தால் பிறகு சரிசெய்ய முடியாது.
* வேவ் ஃபைலாகச் சேமிக்கவும். வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 காப்பி தனியாக எடுத்துக்கொள்ளலாம்.
* இரைச்சல் நீக்கும் வேலையை மூல ஃபைலில் செய்ய வேண்டாம், காப்பியில் மட்டும்.

ஒயர் இல்லையென்றால், அமைதியான அறையில் மெஷினின் ஸ்பீக்கர் முன் போனை வைத்துப் பதிவது கடைசி வழி. தரம் குறையும். ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

குரல் பொம்மை மாதிரி கேட்கிறதா?

பேச்சு வேகமாக, கீச்சுக் குரலில் வந்தால், 1.2-ல் பதிந்ததை 2.4-ல் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். சுவிட்சை மாற்றுங்கள். கேசட்டின் கடைசிப் பகுதியில் மட்டும் குரல் படிப்படியாகக் கீச்சாகிறதென்றால், பதியும்போது செல் தீர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அன்று மெஷின் மெதுவாக ஓடியது, இன்று சரியான வேகத்தில் ஓடுகிறது. அதனால்தான் இந்த வித்தியாசம். ஆடாசிட்டியில் வேகத்தைக் குறைத்து இதைச் சரிசெய்யலாம்.

வாக்கியங்களின் முதல் சொல் வெட்டுப்பட்டிருந்தால், குரல் கேட்டால் மட்டும் ஓடும் வசதி அன்று 'ஆன்' செய்யப்பட்டிருக்கலாம். போன சொல்லை மீட்க முடியாது. இன்றும் இந்த மெஷினில் பதிய ஆசைப்படுபவர்கள் அந்த சுவிட்சை 'ஆஃப்' செய்துவிடுவது நல்லது.

கணக்கை எங்கே சேர்ப்பது?

டேப்பில் தேதியும் இடமும் சொல்லப்பட்டிருந்தால் உங்களிடம் இருப்பது வெறும் நினைவு அல்ல, தரவு. இபேர்ட் தளத்தில் பழைய பட்டியல்களையும் சேர்க்கலாம். எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற விவரம் இல்லாதவற்றைப் பழைய பதிவு என்ற தனி வகையில் போடலாம். எண்ணிக்கை கேட்கவில்லை, பெயர் மட்டும் கேட்கிறது என்றால், எண் போடும் இடத்தில் 'எக்ஸ்' என்று குறித்தால் போதும். ஊகித்து எண் போடக் கூடாது.

தேதி சொல்லப்படவில்லை என்றால் கேசட் உறை, லேபிள், கூடவே கிடக்கும் டைரி எல்லாவற்றையும் தேடுங்கள். கேசட்டையும் உறையையும் போட்டோ எடுத்து, ஒலி ஃபைலோடு அதே ஃபோல்டரில் வையுங்கள். மூன்று காப்பி வேண்டும்: லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. மூல கேசட்டைத் தூக்கிப் போட வேண்டாம். செல்லை எடுத்துவிட்ட மெஷினோடு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பாக்கெட் சேர்த்து, ஸ்பீக்கர், காந்தம் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

இன்னும் எத்தனை நாள்?

யுனெஸ்கோவின் ஒரு திட்டமும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து 2019-ல் காந்த டேப்புகள் பற்றி ஓர் எச்சரிக்கை முயற்சியைத் தொடங்கின. டேப் கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அதை ஓட்டும் மெஷினும் உதிரி பாகமும் 2025 வாக்கில் கிடைக்காமல் போகும் என்பதே அவர்கள் கவலை. அந்த வருஷம் வந்தே விட்டது.

ஆனால் காப்பி எடுத்தால் ஒலி பிழைக்கும். 1889-ல் ஜெர்மனியில் லுட்விக் கோச் என்ற சிறுவன் வீட்டில் வளர்ந்த சோலைபாடிப் பறவையின் பாட்டை மெழுகு உருளையில் பதிந்தான். உலகில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய பறவை ஒலிப்பதிவு அதுதான், இன்றும் கேட்க முடிகிறது.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் அந்த டேப் காலத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். போனில் பதிந்தாலும் சரி, பேச ஆரம்பிக்கும்போது தேதி, நேரம், இடம், யார் பேசுகிறார் என்பதை வாயால் சொல்லிவிடுங்கள். ஃபைல் பெயர் மாறும், ஆப் மாறும், போனும் மாறும். குரலுக்குள் சொன்ன தேதி குரலோடேயே இருக்கும்.

இந்த வாரக் கடைசியில் அலமாரியைத் திறந்து பாருங்க. கேசட் கிடைத்தால், முதலில் அந்தத் தகடுகளை உடைத்துவிடுங்கள். மீதியை நிதானமாகச் செய்யலாம்.