டீசல் வண்டியும் நெடுஞ்சாலைக் கணக்கும்

சாலை ஓரத்தில் நிற்கும்போது ஒரு லாரி கடந்து சென்றால், அதன் பின்னே ஓடிவரும் காற்று நம் சட்டையைப் பிடித்து இழுப்பதை நீங்கள் எல்லோரும் உணர்ந்திருப்பீர்கள். சும்மா இருந்த காற்றை ஓட வைத்தது லாரிதான். அதற்கு வேண்டிய ஆற்றல் லாரியின் டீசல் டாங்கியிலிருந்து வந்தது. அதற்கான பணம் லாரிக்காரரின் பையிலிருந்து போயிற்று. இந்தக் காற்றைச் சற்று நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தாம்பரத்தில் வசிக்கும் என் தங்கை வீட்டில் அண்மையில் ஒரு விவாதம் எழுந்தது. பாட்டியையும் குழந்தைகளையும் ஏற்றிக் கொண்டு ஊருக்கு வந்து போக ஏழு பேர் அமரும் எஸ்.யூ.வி. வண்டி ஒன்று வாங்க வேண்டும். ஒரே வண்டி பெட்ரோல் எஞ்சினுடனும் கிடைக்கிறது, டீசல் எஞ்சினுடனும் கிடைக்கிறது. டீசல் வண்டிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கூடுதல். "மச்சான், வருஷத்துக்கு நாலு தடவை திருநெல்வேலிக்கு வருகிறோம். ஹைவேயில் டீசல்தானே மைலேஜ் கொடுக்கும்?" என்றார் மாப்பிள்ளை. அந்த ஒன்றரை லட்சத்துக்கு, மகளின் கல்லூரிப் படிப்புக்காக வங்கியில் போட்டிருந்த பணத்தை எடுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். அந்த மகளே, பத்தாம் வகுப்பு மாணவி, நோட்டும் பென்சிலுமாக வந்து சேர்ந்தாள்.

முதலில், டீசல் எஞ்சின் சிக்கனமானது என்பது உண்மையா? உண்மைதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை விரைவாக அமுக்கினால் அது சூடாகும். டீசல் எஞ்சினில் காற்று மட்டும் உள்ளே இழுக்கப்பட்டு, ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. அப்போது அதன் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். அதில் டீசலைப் பீச்சினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக் கொள்ளும். பெட்ரோல் எஞ்சினில் பொதுவாகக் காற்றும் பெட்ரோலும் சேர்ந்தே அமுக்கப்படுவதால் இவ்வளவு அமுக்க முடியாது. கண்ட நேரத்தில் தானே வெடித்து எஞ்சினைத் தட்டத் தொடங்கும். எனவே பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மடங்கோடு நிறுத்திக் கொள்கிறார்கள். அமுக்க விகிதம் கூடக்கூட, வெப்பத்தில் அதிகப் பங்கு வேலையாக மாறும். ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினைச் சோதித்துக் காட்டியபோது, எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காடு வேலையாக மாறியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் பத்து விழுக்காட்டையே எட்டத் திணறின.

ஆனால் மைலேஜில் ஒரு சின்னத் தந்திரம் ஒளிந்திருக்கிறது. நாம் எரிபொருளை லிட்டரில் அளந்து வாங்குகிறோம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். டீசலோ 830 கிராம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஆற்றல்தான். ஆகவே லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் டீசல் வண்டி, 12 கி.மீ. ஓடும் பெட்ரோல் வண்டியை வெல்வதில் ஏறக்குறைய பாதிப் பெருமை எஞ்சினுடையதல்ல, லிட்டருடையது! கரியமில வாயுவிலும் இதே கதைதான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோவும், பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோவும் வெளிவரும். கிலோமீட்டருக்கு வகுத்துப் பாருங்கள்: டீசலுக்கு 180 கிராம், பெட்ரோலுக்கு 192 கிராம். வித்தியாசம் நாம் எண்ணியதைவிட மிகக் குறைவு.

"மாமா, 15 கி.மீ. என்பது எந்த வேகத்தில்?" என்று கேட்டாள் மருமகள். அருமையான கேள்வி. இங்கேதான் அந்த லாரிக் காற்று வருகிறது.

வண்டியைத் தடுக்கும் விசைகள், சமதளச் சாலையில், முக்கியமாக இரண்டு. ஒன்று, டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதால் வரும் தடை. வண்டியும் ஆட்களுமாக 2,000 கிலோ என்றால் இது சுமார் 235 நியூட்டன். வேகம் மாறினாலும் இது அதிகம் மாறாது. மற்றொன்று காற்றுத் தடை. இது வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. உயரமான, அகலமான எஸ்.யூ.வி.க்கு இது மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 296 நியூட்டன், 100-இல் 463, 120-இல் 667 என்று வருகிறது.

இரண்டையும் கூட்டி, 100 கி.மீ. தூரத்தால் பெருக்கினால் செய்ய வேண்டிய வேலை கிடைத்துவிடும். 80 கி.மீ. வேகத்தில் அது 53 மெகாஜூல், 100-இல் 70, 120-இல் 90. ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் இருக்கிறது. அதில் 30 விழுக்காடு, அதாவது 10.8 மெகாஜூல், சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதாகக் கொள்வோம். மருமகள் வகுத்துச் சொன்னாள்: 80 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 20 கி.மீ., 100-இல் 15½ கி.மீ., 120-இல் 12 கி.மீ.!

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டு நோட்டை வாங்கிப் பார்த்தார். டீசல் வண்டியை 120-இல் விரட்டினால், நிதானமாகப் போகும் பெட்ரோல் வண்டியின் மைலேஜ்தான் கிடைக்கும். கடைக்காரர் சொல்லும் மைலேஜ் எண் வண்டிக்கு மட்டும் உரியதல்ல. ஓட்டுபவரின் வலது காலுக்கும் அதில் பங்குண்டு. தாம்பரம் முதல் நெல்லை வரை சுமார் 600 கி.மீ. 100-க்குப் பதில் 80-இல் வந்தால் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகும். ஒன்பதரை லிட்டர் டீசல் மிச்சமாகும். ஒன்றரை மணி நேரத்துக்கு அந்தப் பணம் ஈடாகுமா என்பதை இயற்பியல் சொல்லாது, அது அவரவர் விருப்பம்.

இனி ஒன்றரை லட்சம். கணக்கு எளிதாக இருக்கப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக் கொண்டோம். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வண்டிக்கு 8 ரூபாய் 33 காசு, டீசல் வண்டிக்கு 6 ரூபாய் 13 காசு. மிச்சம் 2 ரூபாய் 20 காசு. ஒன்றரை லட்சத்தை இதனால் வகுத்தால் 68,000 கி.மீ. அத்தனை தூரம் ஓடிய பிறகுதான் டீசல் வண்டி லாபம் தரத் தொடங்கும். நான்கு முறை ஊருக்கு வந்து போக 4,800 கி.மீ.; தினமும் அலுவலகம் போய்வரப் பத்து கி.மீ. வீதம் சுமார் 3,000 கி.மீ. ஆண்டுக்கு 8,000-க்கும் குறைவு. ஆகவே எட்டரை ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். இவர்கள் எதிர்வீட்டில் வாடகை வண்டி ஓட்டுபவர் இருக்கிறார். ஆண்டுக்கு 24,000 கி.மீ. ஓடினாலும் அவருக்கு மூன்றே ஆண்டில் பணம் திரும்பிவிடும். அவருக்கு டீசல் வண்டி நியாயமானது.

ஐந்து கி.மீ. அலுவலகப் பயணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. டீசல் புகையில் நுண்ணிய கரித்துகள்கள் அதிகம். அந்தப் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கேற்ப, டீசல் கார்களின் புகைக்குழாயில் துகள் வடிகட்டி வைக்கப்படுகிறது. கரி அதில் சேர்ந்துகொண்டே வரும். அவ்வப்போது வடிகட்டி சுமார் 600 டிகிரிக்குச் சூடேறி அதை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும்போது இது தானாக நடந்துவிடும். எஞ்சின் சூடேறும் முன்பே அலுவலகம் வந்துவிட்டால் எப்படி நடக்கும்? வடிகட்டி அடைத்துக் கொள்ளும், செலவு வைக்கும்.

டீசலுக்காக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே அதற்கு முறுக்கு விசை அதிகம். நிறைய ஆட்களோடு மலைப்பாதை ஏறுபவர்கள் அந்தச் சுகத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மாப்பிள்ளையும் நெடுநேரம் அதைச் சொல்லிக் கொண்டிருந்தார். ஆனால் இவர்கள் வழியில் மலை ஏது?

முடிவில் பெட்ரோல் வண்டிதான் வந்தது. வங்கிப் பணம் அப்படியே இருக்கிறது. முதல் பயணத்துக்குக் கூரைமேல் பெட்டிகளை அடுக்கிக் கட்டக் கயிறு தேடிய அப்பாவை மருமகள் தடுத்துவிட்டாளாம். முகப்புப் பரப்பு கூடினால் காற்றுத் தடை கூடும் என்று சொல்லி, பெட்டிகளைப் பின்னிருக்கையை மடக்கி உள்ளே வைக்கச் செய்திருக்கிறாள். பாட்டிக்குத்தான் கால் நீட்ட இடமில்லாமல் போயிற்று.