ராவணன் கோட்டைக் கடலில் ஸ்பானிய வெள்ளி

இலங்கையின் எல்கடுவத் தோட்டங்களில் சம்பள நாளன்று எண்ணி வாங்கும் ரூபாவில் இன்று குன்றிமணி அளவு வெள்ளியும் கிடையாது. ரூபா முழுக்க வெள்ளியாக இருந்த காலத்தின் சாட்சி இதே தீவின் தென்கிழக்குக் கடலடியில் கிடந்தது.

கிரிந்தவுக்கு அப்பால், நடுக்கடலில் மகா ராவணன் கோட்டை என்றொரு பாறைத்தொடர். 1873 முதல் அங்கே வெளிச்சவீடு எரிகிறது. அதற்கு முன் வந்த கப்பல்களுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை. 1961இல் அங்கே சுழியோடிய மைக் வில்சன் வெண்கலப் பீரங்கியையும் வெள்ளிக் காசுகளையும் கண்டார். அவருடைய கூட்டாளி, இலங்கையில் குடியேறியிருந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். 1963இல் பீட்டர் துரோக்மோர்ட்டன் என்ற கடலடித் தொல்லியலாளரும் சேர்ந்துகொண்டார்.

மேலே வந்தவற்றுள் விசித்திரமானவை கட்டிகள். ஒவ்வொன்றிலும் ஆயிரம் காசு அளவுக்கு ஒட்டிக் கிடந்தன. காசுகளை அடைத்திருந்த பை மக்கிப்போய்விட்டது, பையின் வடிவம் மட்டும் போகவில்லை! ஒவ்வொரு காசும் ஒரு வெள்ளி ரூபா, ஏறக்குறைய பதினொன்றரை கிராம். அதன்மேல் முகலாயப் பேரரசர் அவுரங்கசீப்பின் பெயர், நாணயம் அடித்த சூரத் அக்கசாலையின் பெயர், ஹிஜ்ரி 1113. நம் கணக்கில் 1701–02.

இவ்வளவு காலம் உப்புநீரில் கிடந்தும் எப்படித் தப்பின? வெளிப்புறக் காசுகள் பலியானதால்தான். காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். அது வெள்ளியைப் பற்றி வெள்ளிச் சல்பைடாக்கும். கொலுசு கறுப்பதும் இதே வேதிவினைதான். கறுத்த அந்த ஓடும் அதன்மேல் படியும் சுண்ணாம்பும் உள்ளே நீர் புகுவதைத் தடுக்க, நடுவிலிருந்த காசுகளின் எழுத்து பிழைத்தது.

இந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஸ்பெயினுக்கு வரவேண்டும். முகலாய நாட்டில் சொல்லிக்கொள்ளும்படியான வெள்ளிச் சுரங்கம் இல்லை. 1545இல் வெள்ளி கண்டறியப்பட்ட, ஸ்பெயின் ஆண்ட தென் அமெரிக்காவின் பொதோசி மலையிலும் மெக்சிக்கோவிலும் வெட்டிய வெள்ளி, 27 கிராம் எடையுள்ள 'எட்டு ரியால்' காசுகளாக ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து துணிக்கும் மிளகுக்கும் விலையாகச் சூரத் வந்து இறங்கியது. அக்கசாலையில் கட்டணம் கட்டி உருக்கினால் ஒரு ஸ்பானியக் காசுக்கு இரண்டு ரூபாவுக்குச் சற்று மேலேயே தேறும். ஸ்பானிய மன்னரின் சிலுவை உலையில் கரைந்து, பாரசீக எழுத்து மேலேறும். ஆகவே ராவணன் கோட்டை வெள்ளியில் பெரும்பங்கு அமெரிக்க மலைகளிலிருந்து வந்ததாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

இதைச் சோதிக்கவும் வழியுண்டு. வெள்ளிக்கு நிறையெண் 107, 109 கொண்ட இரண்டு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. அவற்றின் விகிதம் தாதுவுக்குத் தாது இம்மியளவு வேறுபடும்; உருக்கினாலும் பெரிதாக மாறாது. பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2011இல் இந்த விகிதத்தோடு ஈயம், செம்பு ஆகியவற்றின் ஐசோடோப்பு விகிதங்களையும் சேர்த்து அளந்து, அமெரிக்க வெள்ளியை ஐரோப்பிய வெள்ளியிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். ராவணன் கோட்டைக் காசுக்கும் அதே சோதனை பொருந்தும். சில மில்லிகிராம் சுரண்டல் போதும்.