பந்தைச் சுற்றி ஓடிய பெயர்



2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஒரகடத்திலே ஒரு சந்து. ஆறு பேர் படுக்கும் அறையிலே அன்று பதினோரு பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விழுப்புரத்துப் பிள்ளைகள், திருவண்ணாமலைப் பிள்ளைகள், தருமபுரியிலிருந்து வந்த ஒருவன், விருந்தாளியாக நான். தண்ணீர்க் குடத்திலே சாய்த்து வைத்த ஒரு கைப்பேசி. அதற்குள்ளே கத்தார் நாட்டு லுசைல் அரங்கம்! அர்ஜென்டினாவும் பிரான்சும் உலகக் கோப்பைக்காக மோதுகின்றன. அரங்கிலே 88,966 பேர். நம் நாட்டில் ஜியோ சினிமா வழியாக மட்டும் 3 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கிலே எங்கள் பதினோரு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு புள்ளிதான் விழுந்திருக்கும், அது கிடக்கட்டும்.

மெஸ்ஸி ஒன்று, டி மரியா ஒன்று. அறை அதிர்ந்தது. ஆட்டம் சூடேறியிருந்த அந்த வேளையிலே, மைதானத்து ஓரத்தில் ஒளிப்பலகை மாறிற்று. ஹூண்டாய் என்ற எழுத்து பளிச்சென்று ஓடிற்று. எல்லோர் கண்ணும் பந்தின்மீது. தருமபுரித் தம்பியின் கண் மட்டும் பலகைமீது. துள்ளி எழுந்தான்.

"அண்ணே, நம்ம கம்பெனிண்ணே!"

நம்ம கம்பெனி! அவன் அந்தக் கார் ஆலையிலே வேலை செய்பவனல்ல. அதற்கு உதிரிப் பாகம் செய்து அனுப்பும் ஒரு துணை ஆலையிலே வேலை. அங்கேயும் நேரடி ஆள் அல்ல, ஒப்பந்தத் தொழிலாளி. சம்பளச் சீட்டிலே அச்சாகியிருப்பது ஒப்பந்தக்காரர் பெயர். இத்தனை படி கீழே நிற்கிற பிள்ளை, ஏழு கடலுக்கு அப்பால் ஓடிய பெயரைப் பார்த்து நம்முடையது என்கிறான்!

சிரிப்பு வந்தது எனக்கு. அடக்கிக்கொண்டேன். எண்ணிப் பார்த்தேன், அவன் சொன்னதிலே பிழை என்ன? அந்த இரும்பைத் தொட்டது அவன் கை. உரிமை கொண்டாட அவனைவிடத் தகுதியுள்ளவன் யார்?

கால்பந்து இருக்கிறதே, வியாபாரிக்கு இசைவான ஆட்டமல்ல அது. கிரிக்கெட் என்றால் ஆறு பந்துக்கு ஒருமுறை பற்பசை விற்கலாம். கால்பந்து 45 நிமிடம் நிற்காமல் ஓடும். நடுவிலே நுழைய வாசல் கிடையாது. விடுவார்களா? இடைவேளை இல்லாவிட்டால் என்ன என்று ஆட்டத்துக்கு உள்ளேயே விளம்பரத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். மைதானத்தைச் சுற்றிப் பலகை. கிளப் அணிகள் என்றால் ஆட்டக்காரர் மார்பே பலகை! இருங்காட்டுக்கோட்டையிலே முதல் சான்ட்ரோ கார் உருண்டு வெளியே வந்தது 1998-இல். மறு ஆண்டே, 1999-இல், ஹூண்டாய் நிறுவனம் உலகக் கால்பந்துச் சம்மேளனத்தோடு கைகோத்தது. அன்று தொட்டு உலகக் கோப்பை எங்கே நடந்தாலும் அந்தப் பெயர் பந்தைச் சுற்றி ஓடிக்கொண்டேயிருக்கிறது.

விலை என்ன தெரியுமா? அமெரிக்கக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். அங்கே அவர்கள் கால்பந்து என்று சொல்வது வேறு ஆட்டம். பந்து முட்டை வடிவம், அதையும் பெரும்பாலும் கையிலேதான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பெயரிலேதான் கால்! அதன் இறுதி ஆட்டத்துக்கு சூப்பர் பவுல் என்று பெயர். 2025 பிப்ரவரியிலே நடந்த ஆட்டத்தில் 30 நொடி விளம்பரத்துக்கு 80 லட்சம் டாலர் வரை வாங்கினார்கள். நம் காசுக்கு ஏறத்தாழ 70 கோடி ரூபாய். மாதம் 25,000 ரூபாய் வாங்கும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்ணாமல் உடுக்காமல் அத்தனையும் சேர்த்து வைத்தாலும், அந்த விளம்பரத்திலே ஒரே ஒரு நொடியை வாங்க அவர் ஏறத்தாழ 78 ஆண்டு உழைக்க வேண்டும்.

இவ்வளவு கொட்டி வாங்கிய நொடியிலே எதைக் காட்டுகிறார்கள்? மலைப்பாதையிலே ஒரு கார். உள்ளே கணவன், மனைவி, சிரிக்கும் குழந்தை. கார் ஏதோ மேகத்திலிருந்து மழையோடு மழையாக இறங்கி வந்தது போல! இருங்காட்டுக்கோட்டை இல்லை, ஒரகடம் இல்லை, வெல்டிங் பொறி தெறிக்க நின்றவன் இல்லை, விடியுமுன்னே கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நின்ற பெண் இல்லவே இல்லை.

பலகையிலே பெயர் மின்னுவதால் ஆலை வாழ்கிறது, ஆலை வாழ்ந்தால் நீ வாழ்கிறாய் என்று சிலர் பாடம் நடத்துவார்கள். அவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். அதே கத்தார் மைதானத்துப் பலகைகளிலே இந்தியப் பெயர் ஒன்றும் ஓடியது. பைஜூஸ் என்ற கல்வி வியாபார நிறுவனம். 2022 அக்டோபரில் 2,500 பேரை வேலையை விட்டு அனுப்பப் போவதாக அறிவித்தது. நவம்பரில் மெஸ்ஸியைத் தன் தூதுவராக அறிவித்தது. ஆட்களுக்குக் கணக்குத் தீர்க்கும் கையாலேயே ஆட்டக்காரருக்கு மாலை! பிறகு, இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலே பெயர் போட்டதற்கான பாக்கி 158 கோடி ரூபாய்க்கு மேல் நின்றுபோக, கிரிக்கெட் வாரியமே வழக்குத் தொடுத்து, 2024 ஜூலையில் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் தள்ளப்பட்டது.

பெயர், பெயர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் அல்லவா? நம் மண்ணிலேயே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2012 மே 19. ஜெர்மனியின் மியூனிக் நகரம். ஐரோப்பியக் கிளப்புகளின் இறுதி ஆட்டம். பெனால்டியிலே வென்று கோப்பையைத் தூக்கியது செல்சி அணி. தூக்கிய ஒவ்வொருவர் மார்பிலும் சாம்சங் என்ற பெயர். 2005 முதல் 2015 வரை பத்தாண்டு அந்தச் சட்டையிலே அந்தப் பெயர் இருந்தது. ஆட்டக்காரர்கள் அணிந்தார்கள், அதே சட்டையை உலகம் முழுவதும் ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கி அணிந்தார்கள். யாரும் தடுக்கவில்லை, தடுப்பதற்காகவா போட்டது!

2024 செப்டம்பர் 9. சுங்குவார்சத்திரம். குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் தொலைக்காட்சிப் பெட்டியும் செய்யும் சாம்சங் ஆலையின் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்திலே இறங்கினார்கள். 37 நாள். பந்தல் பிரிக்கப்பட்டது, கைது, அமைச்சர்களின் பேச்சுவார்த்தை, அக்டோபர் நடுவிலே முடிவு. இவையெல்லாம் ஏடுகளிலே நீங்கள் படித்தவை. அவர்கள் கேட்டவற்றுள் முன்னே நின்றது சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம். நிர்வாகம் எழுப்பிய தடைகளில் ஒன்று என்ன தெரியுமா? சாம்சங் என்பது எங்கள் வணிக முத்திரை, அதைச் சங்கத்தின் பெயரிலே வைக்கக்கூடாது என்பதுதான்!

லண்டன் ரசிகன் நெஞ்சிலே இருக்கலாம். மியூனிக் மைதானத்திலே இருக்கலாம். செய்து அனுப்புகிறவனின் சங்கக் கடிதத்தாளிலே மட்டும் இருக்கக்கூடாதாம்! வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று. 2025 ஜனவரி 27 அன்று, அதே பெயரில், சங்கம் பதிவாயிற்று. ஒரு பதிவு எண்ணுக்காக அத்தனை மாதம். அந்த நாளிலே எந்த மைதானத்துப் பலகையும் மின்னவில்லை. சுங்குவார்சத்திரத்து டீக்கடைகளிலே முகங்கள் மின்னியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2026 உலகக் கோப்பைக்கென ஒரு புது விதியை 2025 டிசம்பரில் அறிவித்தார்கள். ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியிலும் 3 நிமிடம் தண்ணீர் இடைவேளை. வெயிலடித்தாலும் சரி, குளிரடித்தாலும் சரி, கூரை மூடிய அரங்கானாலும் சரி. ஆட்டக்காரர் நலனுக்காகவாம். நல்லதுதான், தாகம் எடுக்கிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பதை யார் குறை சொல்வார்? ஆனால் குளிர்ந்த அரங்கிலும் கட்டாயத் தாகமா என்று கேட்கத் தோன்றுகிறது. நெடுங்காலம் வாசலில்லாமல் இருந்த வீட்டுக்கு வாசல் வைத்தாயிற்று, வியாபாரிக்குக் கசக்குமா? கிரிக்கெட்டின் ஐ.பி.எல். ஆட்டத்திலே வியூக இடைவேளை என்று 2009-லேயே ஆரம்பித்தார்கள். இன்று அது இரண்டரை நிமிடம். அந்த இடைவேளைக்கே ஒரு டயர் கம்பெனியின் பெயர் வைத்தார்கள். சியட்! அதன் ஆலை ஒன்று நம் திருப்பெரும்புதூர் வட்டாரத்திலேதான் இருக்கிறது.

லைனிலே நிற்கிறவனுக்கும் தாகம் உண்டு. கழிப்பறைக்குப் போக, இடத்தைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் வருகிறானா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்பதை இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இரவு ஆட்டம் 3-3 ஆகி, பெனால்டியிலே 4-2 என்று அர்ஜென்டினா வென்றபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பாய்கள் விரிந்தன. தருமபுரித் தம்பி கைப்பேசியிலே நாலரைக்கு அலாரம் வைத்தான்.

அவனை மறுபடி பார்த்தேன். அதே அறை, அதே துணை ஆலை, அதே ஒப்பந்தக்காரர். 2026 இறுதி ஆட்டத்துக்குக் குறித்த நேரம் நம் கடிகாரப்படி ஜூலை 20, திங்கட்கிழமை, நடுநிசி கழிந்து 12.30 என்று சொன்னேன். விடிந்தால் முதல் ஷிப்டு. கணக்குப் போட்டுப் பார்த்தான்.

"லீவு போட்டாத்தாண்ணே பார்க்க முடியும். லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் போயிடும்" என்றான்.